ரெண்டு பொட்டலம்

...அதுக்குன்னு ஒரு சொந்தப் புத்தி வேணாமா, சொல்லுங்கண்ணே! இந்த ஹேண்ட்போன்ல பேசுதே ஏஐ, அதத்தான் சொல்றேன். எம் மக சாந்தினிக்கு ஜொகூர்ல வேல கெடச்சிருக்கு. ஒத்தப் புள்ள. நம்ம பீடோங் எங்க, ஜொகூர் எங்க! "பொம்பளப் புள்ளய அவ்ளோ தூரம் தனியா அனுப்புறது சரியா?"ன்னு கேட்டேன். "உங்க கவல ஞாயமானது"ன்னுச்சு. அட, வெவரமான சாமான்லான்னு நெனச்சேன். அவ அதே போன வாங்கி, "சொந்தக் கால்ல நிக்கிறது தப்பா?"ங்கிறா... "துணிச்சலான முடிவு"ங்குது! எங்க தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணியே பேச்ச மாத்த ஒரு நா எடுத்துக்குவாரு.

எம் பொஞ்சாதி பிரேமாவதி சிரிக்கிறா. "பதில உள்ள வச்சு மடிச்சுத்தானே கேக்குறீங்க, அது என்னா பண்ணும்?"னு.

இந்த பஸ்ல ஏர்கோன் ஜாஸ்தி, குளிருது, இல்லண்ணே? ஆங்... என்னா சொன்னேன்? சரி, மிஷின் வேணாம், சாமிகிட்டயே கேட்டுருவோம், பூப்போட்டுப் பாப்போம்னேன். வெள்ளப் பூ வந்தா ஜொகூர், செவப்பு வந்தா வீடு. வாழ எலைல நாந்தான் ரெண்டு பொட்டலமும் மடிச்சேன். சன்னதில நின்னு புள்ளகிட்ட, "நீயே எடும்மா, உன் இஷ்டம்"னேன். எந்த அப்பன் குடுப்பான் இவ்ளோ சுதந்திரம்?

பிரிச்சா... வெள்ள! மல்லி! அது எப்படிண்ணே வரும்? ரெண்டுலயும் நான் செம்பருத்தியத்தானே வச்சேன்!

...அப்படிப் பாக்காதீங்கண்ணே. பெத்த மனசு. பூசாரி முன்னாடி கத்தவா முடியும்? "சாமி சித்தம்"னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

பொட்டலம் எங் கைய விட்டுப் போவவே இல்லையே... இல்ல, இருங்க. கோயில் வாசல்ல கால் கழுவுறப்ப பிரேமாகிட்ட குடுத்தேன். ரெண்டு நிமிசம். திரும்பிப் பாக்குறேன், அவ தலைல மல்லிச்சரம் பாதிதான் இருக்கு. எங்கயோ விழுந்துருச்சு போலன்னு நெனச்சேன்... அடியேய்!

அப்ப அந்த இன்னொரு பொட்டலத்துலயும்...

சுங்கைப்பட்டாணி வந்துருச்சா? எறங்குங்க, எறங்குங்க, நானும் இங்கதான். புள்ளைக்குப் பெட்டி வாங்கணும். பெருசா வாங்குங்கன்னு பிரேமா சொல்லி அனுப்பிருக்கா. முடியாதுலா! சின்னதாத்தான் வாங்குவேன். அது என் இஷ்டம். மிச்ச துணிய எடுக்க மாசத்துக்கு ஒருக்கா வீட்டுக்கு வந்துதானே ஆவணும்... அண்ணே? எங்க ஓடுறீங்க, அண்ணே!