பொட்டு வைத்த டேங்க்

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் பட்டறைக்கு வரும் டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருப்பார்கள்.

நாமக்கல் பைபாஸில் மருதாசலத்தின் பட்டறையில் பதினோரு வருடமாக ஓட்டை விழுந்த டேங்குகளைக் கழுவுகிறேன். பெட்ரோல் டேங்க் காலியாக இருக்கும்போதுதான் பொல்லாதது. உள்ளே நிற்கும் ஆவி கண்ணுக்குத் தெரியாது. வெல்டிங் நெருப்பு பட்டால் போதும். சலவைச் சோடா கலந்த வெந்நீரில் மூன்று முறை அலசி, ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்து, கடைசியில் மூடியருகே மஞ்சள் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவேன். பட்டறையில் அதற்குப் பொட்டு என்று பெயர். பொட்டு இல்லாத டேங்கை யாரும் தொட மாட்டார்கள்.

போன மாதம் மருதாசலம் என்னைக் கூப்பிட்டார். கழுவ ரொம்ப நேரமாகிறது, இனிமேல் ஹோஸில் தண்ணீர் அடித்தால் போதும், நீங்கள் பட்டறையிலேயே வேறு வேலை பாருங்கள் என்றார்.

"பதினோரு வருசத்துல ஒண்ணாச்சும் வெடிச்சிருக்குதுங்களா, பெரியசாமியண்ணா?"

வெடிக்கவில்லை. நான் ஒழுங்காகக் கழுவியதால் வெடிக்கவில்லை. வெடிக்காததால் நான் வேண்டாம். இதைவிட அநியாயம் உண்டா? மனசு ஆறவே இல்லை.

வெல்டர் சடையன் மட்டும் எனக்காகப் பேசினான். அண்ணன் பொட்டு வைக்காமல் பற்ற வைக்க மாட்டேன் என்று முதலாளியிடமே சொல்லிவிட்டு, தன் டேங்குகளை என்னிடமே கழுவக் கொடுத்தான். மற்ற இரண்டு வெல்டர்களும் பொட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, டேங்கை மோந்து பார்த்துத் தாங்களே முடிவு செய்தார்கள்.

அந்த வியாழக்கிழமை அவனுக்கு ஒரு பழைய வேனின் டேங்க் வந்தது. கழுவவில்லை. வெளிப்புறத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைத்தேன். சடையன் குனிந்தான்.

"வாசம் அடிக்குதுங்களே, அண்ணா."

"கழுவுன தண்ணி வாசம், சாமி. பத்த வெய்யி."

சிரித்துக்கொண்டே கண்ணாடியை மாட்டினான். நான் கை கழுவக் குழாயடிக்குப் போனேன். அங்கேதான் சத்தம் கேட்டது. எல்லாரும் அவனைத் தூக்க ஓடினார்கள். நான் கிழிந்த தகரத்திலிருந்து பொட்டைத் துடைத்தேன். அவசரப்பட்டுப் பொட்டில்லாத டேங்கில் பற்ற வைத்து உயிரை விட்டுவிட்டான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அவன் மனைவி தமிழினி மட்டும் நம்பவில்லை. "பொட்டில்லாம அவரு பத்த வெக்கவே மாட்டாருங்க" என்று ஸ்டேஷனில் உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தான். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை, ஐயா. அது உண்மை.

ஏன் சடையன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. என் பொட்டை நம்பியவன் அவன் ஒருவன்தானே. மற்றவர்கள் பற்ற வைத்திருக்க மாட்டார்கள்.

மறுநாளே மருதாசலம் உத்தரவு போட்டார்: பொட்டு இல்லாத டேங்கை ஒருத்தரும் தொடக்கூடாது. அதற்குப் பிறகு யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லை. நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் பட்டறைக்குச் சொல்லிவிடுங்கள். சாக்பீஸ் டப்பா அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதைக் கண்டவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். பொட்டைத் தப்பாக வைத்தால் ஆள் செத்துப்போவான்.