வெறும் ஆணியருகே மெல்ல நடந்தவருக்கு

“யாருமில்லேன்னா நான் எதுக்குச் சேச்சி தள்ளி நிக்கணும்?”

“யாருமில்லைதான். இருந்தாலும் தள்ளி நில்லு.”

அளவு பிசகாத கையும் அயராத காலும் கொண்ட சீதாலக்ஷ்மி அம்மையீர்! வேலைக்குச் சேர்ந்த அன்று வெறும் ஆணியருகே நின்று எங்கள் ஹஸீபா கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதில் இது. மிளகுக் கிடங்காக இருந்து அறிவியல் கூடமான இந்த மட்டாஞ்சேரிக் கட்டடத்தில், முப்பத்தோராண்டுகளாக, பார்க்க வந்தவர் எவரானாலும் இதையே சொன்னீர்கள்.

தினமும் மூன்று மணிக்கு, மரத்தரையில் அடித்த இரண்டு ஆணிகளையும் சேர்த்துக் கயிற்று வளையம் போடுவீர்கள். ஓர் ஆணியின் மேல் நீலப் பந்து, அது பூமி. மற்றது வெறும் ஆணி. சாக்பீஸால் கயிற்றை விறைப்பாக இழுத்தபடி சுற்றி வந்தால் நீள்வட்டம், செயற்கைக்கோளின் பாதை. ஆணிகள் நெருங்க நெருங்க அது உருண்டையாகிக்கொண்டே வரும், ஒன்றாகிவிட்டால் வட்டம். பிறகு அந்தக் கோட்டின் மேல் நடந்து காட்டுவீர்கள்: பூமிக்கு அருகே விரைவாக, வெறும் ஆணிக்கு அருகே மெதுவாக. விதி அப்படித்தான். ஆனால் தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் கடப்பவர் போல அல்லவா நடந்தீர்கள்!

அம்மையீர், ஒரு தவறு செய்துவிட்டோம். உங்கள் பணிநிறைவு விழாவான இதற்கு வருகிறவர்களின் கால் தடுக்குமென்று, வெறும் ஆணியை எங்களில் ஒருவரான சுதீர் நேற்றுப் பிடுங்கிவிட்டார்.

திங்கள் முதல் உங்கள் இடத்தில் நிற்கப்போகிறவள் ஹஸீபா. இன்று காலை, பழகிப் பார்க்க, மிஞ்சிய ஓர் ஆணியில் கயிற்றை மாட்டிச் சுற்றி வந்தாள். வட்டம் வரவேண்டும். நீள்வட்டம் வந்தது. எல்லோரும் பார்த்தோம்: ஆணி இல்லாத இடத்தில், தரைக்கு ஒரு விரற்கடை மேலே, கயிறு எதையோ வளைத்துக்கொண்டு விறைத்து நின்றது. ஆணியைத் திரும்ப அடிக்கச் சுத்தியலோடு குனிந்த சுதீர், அடிக்காமலே எழுந்துவிட்டார்.

பிறகு கம்பளம் விரித்தோம். அந்த ஓரிடத்தில் மட்டும் யாரும் நாற்காலி போடவில்லை.

திருப்பூணித்துறை வீட்டில் நோயின்றி, நிறைவோடு, நெடுங்காலம் வாழ்வீர்களாக! ஆனால் ஹஸீபா பயந்திருக்கிறாள். மாலையைக் கழற்றுமுன், நாற்காலி இல்லாத அந்த இடத்தருகே ஒருமுறை போய், இனி மூன்று மணிக்கு வரப்போவது அவள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவீர்களா?

உங்கள் அன்புள்ள
அறிவியல் கூட ஊழியர்கள்,
மட்டாஞ்சேரி