மெழுகுக்குள்ள ஒரு துணுக்கு

கையில பிடிங்க தம்பி, சும்மா பிடிங்க, மெழுகுதான். உள்ள இருக்கிறது அவுக கன்னத்துல வெட்டியெடுத்த சதை. உங்களுக்குத் தெரியாததா, லேபுல தெனம் இதத்தான அறுத்துக்கிட்டிருக்கீக. வீட்டுக்காரர் பேரா? அந்தா சீட்டுல இருக்கு, நீங்களே படிச்சுக்கோங்க. திருச்சுழில பலசரக்குக் கடை எங்களுக்கு. அருப்புக்கோட்டையில பஸ்ஸு மாறி, காரியாபட்டி தாண்டுறதுக்குள்ள வெயிலு மண்டையப் பிளந்துருச்சு. எங்க உருகிருமோன்னு ஈரத்துணியில சுத்தி மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன்.

வெத்தலையோட பொகையில போடுவாக. எத்தன தடவ தலையிலடிச்சுச் சொல்லியிருப்பேன், கேட்டாத்தான! ஆபரேசன் பண்ண டாக்டரு நல்ல மனுசன். என்னையத் தனியாக் கூப்பிட்டாரு. எல்லாத்தையும் எடுத்தாச்சும்மா, ஆனா இது திரும்பி வர்ற ரகமான்னு கண்ணால பாத்தாத் தெரியாது. இந்த மெழுக அந்த லேபுல கொண்டு போய்க் குடு, மருந்து ஊத்திப் பாப்பாக. செம்மண்ணு நெறத்துல சாயம் புடிச்சதுன்னா அனேகமாத் திரும்பி வரும், ஒடனே ரேடியேசன் கரண்டு வச்சாகணும், தாமசிக்காதன்னாரு.

தேதியா? அது... போன வருசத் தேதிதான். தொண்ணூத்தாறு, வைகாசி. ஆமா, பதினோரு மாசம். அரிசி டின்னுக்குள்ள பொதைச்சு வச்சிருந்தேன். மொகத்தச் சுளிக்காதீக, நல்லாப் பையில கட்டித்தான் வச்சேன்.

ஏன் அப்பவே வரலையா? நல்லாக் கேட்டீக போங்க. மக சுகப்பிரியாவுக்கு ஆவணியில கல்யாணம். வரும்னு இது சொல்லிருச்சுன்னா அந்த மனுசன் பந்தல்ல நிப்பாரா? கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சது. பெறகு மறுவீடு, தலைதீவாளி. பெறகு பயந்துட்டேன்.

சாயம் ஊத்திப் பாக்கணும்னு மட்டும் அவுகட்டச் சொல்லியிருந்தேன். ஒரு நா சாப்பிடுறப்ப, ஏ புள்ள, அந்தச் சாயம் என்னாச்சுன்னு கேட்டாக. பாத்தாச்சு, புடிக்கலையாம், இனிமே வராதாம்னுட்டேன். அப்படிச் சிரிச்சாக தம்பி. கோணிப்போன வாய வச்சுக்கிட்டு ரெண்டு தோசை கூட வாங்கித் தின்னாக.

தையில கழுத்துல நெல்லிக்கா கணக்கா ஒரு வீக்கம். அதான் வராதுன்னுட்டாகளே, சளிக்கட்டியா இருக்கும்னு அவுகளே சொன்னாக. நானும் ஆமான்னேன்.

பழசானாலும் பாக்கலாம்ல? மெழுகு கெட்டுப்போகாதுன்னு டாக்டரு சொன்னாரே. பாருங்க தம்பி, ரூவா கொண்டாந்திருக்கேன். என்னது, ஆளக் கூட்டிட்டு வரணுமா? அவுக எங்கிட்டு வர? நேத்தோட பதினாறு முடிஞ்சிருச்சு. காரியத்துக்கு வந்த சனம் இன்னும் வீட்டுல கெடக்கு, யார்கிட்டயும் சொல்லாமத்தான் வந்திருக்கேன்.

வைத்தியத்துக்கு இல்ல தம்பி. சாயம் புடிக்காதவுகளுக்கும் சமயத்துல வந்துரும்னு டாக்டரு சொன்னாரு. இதுலயும் சாயம் புடிக்காம இருந்துட்டா, நான் அவுகட்ட சொன்னது பொய்யில்லைல? அத மட்டும் பாத்துச் சொல்லிருங்க. எத்தன நா ஆகும்?