ரெஷோவின் அடி

ரெஷோவுக்குக் கிடைத்தது தண்டனை என்று சிலர் சொல்வார்கள். இல்லை, அது துரோகம். பாடச் சொல்லி உட்காரவைத்தவரே "நான் சொல்லவே இல்லை" என்று கைகழுவிவிட்டார். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ரொம்பக் காலத்துக்கு முன்னே, துருக்கியின் கிழக்கு மலைப்பக்கம், கானிகுல் என்ற குர்து ஊரில் ரெஷோ என்றொரு பாட்டுக்காரர் இருந்தாராம். கையில் வாத்தியம் கிடையாது. ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தால், மேய்ச்சலுக்குப் போகிற ஆடுகூட நின்று கேட்குமாம். ஆடு கேட்டதோ இல்லையோ, ஊர் கேட்டது. அந்தக் காலத்தில் குர்து மொழியில் பொது இடத்தில் பாடக் கூடாது என்று அரசு சட்டம் போட்டிருந்தது. தாலாட்டைக்கூட ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாடுவார்களாம்.

அப்போது தேமுர் பண்ணையாரின் மகள் பெர்வினுக்குக் கல்யாணம் வந்தது. பெண் பிறந்த வீட்டை விட்டுப் புறப்படும்போது பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. அதைத் தாய்மொழியில் பாடாவிட்டால் பெண்ணை அனுப்பிவைத்ததாகவே ஆகாது. பந்தியிலோ காவல் அதிகாரி உட்கார்ந்து ஆட்டுக்கறி தின்றுகொண்டிருக்கிறார். ரெஷோ தயங்கினாராம். பண்ணையார் அவர் தோளில் கை போட்டார்.

"பாடு ரெஷோ. என் வீட்டு உப்பைத் தின்னுக்கிட்டிருக்கான், என்ன செஞ்சிடுவான்? எதுவானாலும் நான் இருக்கேன்."

அந்த வார்த்தையை நம்பித்தான் ரெஷோ பாடினார். பெண் அழுதாள், பெண்ணின் தாய் அழுதாள், அண்டா கழுவினவர்கள்கூட அழுதார்கள்.

மறுநாள் விசாரணை. பாடச் சொன்னது யார் என்று கேட்டார் அதிகாரி. யாரும் சொல்லவில்லை, அவனாகத்தான் பாடினான், கொஞ்சம் கிறுக்கு என்றாராம் பண்ணையார். ஊரைக் கேட்டார்கள். பாட்டா, எங்கள் காதில் விழவில்லையே என்றதாம் ஊர். பிறகு ஏன் அழுதீர்கள்? அடுப்புப் புகை என்றார்களாம். ஓர் ஊருக்கே ஒரே நேரத்தில் கண்ணில் புகை! பாவம், பயந்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. பயம் ரெஷோவுக்கு மட்டும் இல்லையா? பயந்துகொண்டேதானே பாடினார்?

இனி மலைப்பக்கம் வரவே கூடாது என்று, அவர் மொழி ஒருவருக்கும் தெரியாத மேற்குச் சமவெளி ஊருக்கு அவரை விரட்டினார்கள். அங்கே செங்கல் சூளையில் வேலை. யாரிடமும் வாய் திறக்க மாட்டாராம். அந்தப் பாட்டுக்காரருக்கு அந்த ஊர் வைத்த பெயர் ஊமை.

கானிகுலில் என்ன ஆனது? செய்தி மலை முழுக்கப் பரவி, வேறெந்தப் பாட்டுக்காரரும் அந்த ஊருக்கு வர மறுத்துவிட்டார்களாம். பாடச் சொல்வீர்கள், அப்புறம் புகை என்பீர்கள் என்று கேலி வேறு. வருஷங்கள் போயின. பண்ணையாரின் மகன் ஷெவ்கெத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. பாட்டில்லாத கல்யாணம் பெரிய அவமானம். கிழவர் மகனையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினார்.

சூளைக்குப் பக்கத்து டீக்கடையில் ரெஷோவைப் பிடித்தார்கள். பண்ணையார் குழைந்தாராம். நடந்தது நடந்துவிட்டது, அதிகாரிகளிடம் பேசிவிட்டேன், நீ ஊருக்கே திரும்பிவிடலாம், உன் வீடு அப்படியே நிற்கிறது, கல்யாணத்தில் பாடினால் போதும் என்றாராம். ரெஷோவுக்கு ஊர் ஆசை இல்லாமலா இருக்கும்? ஆனாலும் அவர் சொன்னார்:

"முதல் அடியை நீங்க பாடுங்க ஐயா. நம்ம மொழியில, இங்கேயே. அடுத்த அடியை நான் எடுத்துக்கறேன்."

பக்கத்து மேசையில் இரண்டு போலீஸ்காரர்கள். சட்டமும் அப்போது மாறியிருக்கவில்லை. பண்ணையார் அவர்களைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், தேநீரைப் பார்த்தார். பாடாமலே எழுந்துவிட்டார்.

பாட்டில்லாமலே ஷெவ்கெத்தின் கல்யாணம் நடந்தது. டீக்கடையில் நடந்ததை அவனே ஊரார் முன்னால் சொன்னானாம். அன்றிலிருந்து கானிகுல் கல்யாணங்களில் பாட்டுக்காரர் முதலில் வாய் திறப்பதில்லை. பாட்டு வேண்டும் என்பவர் எழுந்து நின்று, கட்டைக் குரலோ கழுதைக் குரலோ, முதல் அடியைத் தாமே பாட வேண்டும். அதற்குத்தான் ரெஷோவின் அடி என்று பெயர்.

பாடாமலே எழுந்த பண்ணையாரிடம் ரெஷோ கடைசியாகச் சொன்னதை ஷெவ்கெத் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னானாம்:

"பாடினதுக்காக என்னை விரட்டினாங்க, அதுல எனக்கு வருத்தமில்லை. நீங்க கேக்கவே இல்லைன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான். சரி ஐயா, இப்பவும் நீங்க கேக்கலைன்னே வெச்சுக்கறேன். போயிட்டு வாங்க."