கோல்கீப்பருக்கு மஞ்சப்பால்

ராஜமாணிக்கம்: சத்தியமா சொல்றேன் உம்மா, எங்க கோல்கீப்பருக்கு இருமலே கெடையாது!

ஆசியா உம்மாள்: பின்ன என்னாத்துக்குடா மூணு வாரமா அவனுக்கு மஞ்சப்பால் காச்சி ஊத்துறே?

ராஜமாணிக்கம்: ஒங்க புள்ள அபுல்தானே எழுதியிருக்கான், பினாங்குலேர்ந்து! இந்தா... "நமது கோல்கீப்பருக்கு இருமல் என்று அறிந்து மனம் கலங்கினேன். பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் குடிக்கவும். ஈரத் தலையோடு முற்றத்தில் நிற்க வேண்டாம்." பாத்தீங்களா?

ஆசியா உம்மாள்: ம்ம்... மனம் கலங்கிட்டானாமா?

ராஜமாணிக்கம்: ஆறடி ஆளு எங்க பழனிவேலு. தும்மிக்கூட நான் பாத்ததில்ல. இருமல் இருக்காடான்னா இல்லங்குறான். இருந்தாலும் குடிடான்னுட்டேன். டீமு கேப்டன் சொன்னா கேக்கணுமா இல்லியா?

சலீமா: அண்ணே... அந்த லெட்டர...

ராஜமாணிக்கம்: யாரு, தங்கச்சியா? திரைக்குப் பின்னாலயா நிக்கிறே? நல்லா இருக்கியாம்மா?

சலீமா: இருக்கேண்ணே. லெட்டர குடுத்துட்டுப் போயிடுங்க. ஒரு வாரத்துல தந்துருவீங்கன்னு ரஃபியுதீன் மச்சான் சொன்னாங்க. மூணு வாரமாச்சு.

ராஜமாணிக்கம்: அதுக்குத்தானே வந்தேன். செவுத்துல ஒட்டியிருந்தேனா... பிச்சி எடுக்கையில ஓரம் லேசா...

சலீமா: செவுத்துலயா!

ராஜமாணிக்கம்: கிளப் ரூம் செவுத்துல. எல்லாப் பயலும் படிக்கட்டும்னு. படிக்கத் தெரியாதவனுக்கு நானே சத்தமா படிச்சேன். ரெண்டு வாட்டி.

சலீமா: யா அல்லா...

ஆசியா உம்மாள்: உள்ள என்ன புள்ள சத்தம்?

சலீமா: டம்ளரு மாமி. கை தவறிடுச்சி.

ஆசியா உம்மாள்: ஏண்டா மாணிக்கம், எம் புள்ள பந்தக் காலால தொட்டவனா? பினாங்குல கடையில துணி கிழிக்கிறவன். அவன் பேச்சக் கேட்டா நீங்க ஆடுறீங்க?

ராஜமாணிக்கம்: தொட்டதில்ல. ஆனா ஊருல இருந்தவரைக்கும் மஞ்சக்குப்பம் மைதானத்துல ஒரு மேட்ச் விட்டதில்ல. கோட்டுக்கு வெளிய நின்னு அவன் போடுற சத்தம் கெடிலம் ஆத்துக்கு அந்தாண்ட கேக்கும்ல? எங்களவிட ஆட்டம் அவனுக்குத்தான் தெரியும்.

ஆசியா உம்மாள்: அது தெரியும். தொண்ட கட்டி வருவான். மறுநா பூரா சைகைதான்.

ராஜமாணிக்கம்: எங்க பொழப்பு ஒங்களுக்குத் தெரியாததா? மில்லுல எங்களுக்குப் பந்தாடத்தான் சம்பளம். எட்டு மேட்சுல ஏழு தோத்தோம். மொதலாளி கூப்புட்டாரு. சிதம்பரம் ஷீல்டுலயும் தோத்தா டீமக் கலைச்சிட்டு அவனவன் ஊரப் பாத்துப் போங்கடான்னுட்டாரு. நான் குமராட்சிக்குப் போயி மறுபடி நாத்து பிடுங்கணும். அப்ப வந்துச்சி பாருங்க இந்த லெட்டரு... நாலு பக்கம்!

ஆசியா உம்மாள்: நாலு பக்கமும் பந்தா?

ராஜமாணிக்கம்: பந்துதான். கேளுங்க. "ஹாஃப் பேக் முன்னே ஏறிப் போவது சரி. போனவன் திரும்பி வர வேண்டும். போவதற்கு மட்டுமா சம்பளம்?" என்ன புத்தி பாருங்க! "லெஃப்ட் அவுட் கோட்டை ஒட்டி நிற்கட்டும். நடுவில் வந்து கும்பல் சேர்க்க வேண்டாம்." அப்படியே செஞ்சோம். விருத்தாசலத்தோட டிரா. திண்டிவனத்த ரெண்டுக்கு ஒண்ணு. பண்ருட்டிய மூணுக்கு சைபரு!

ஆசியா உம்மாள்: மாஷா அல்லா!

ராஜமாணிக்கம்: இதெல்லாம் மொத பக்கம் உம்மா. மிச்சம் மூணு பக்கமும் கோல்கீப்பரு, கோல்கீப்பரு, கோல்கீப்பரு. எங்க சென்டர் ஃபார்வர்டு கோச்சிக்கிட்டான். கோல் அடிக்கிறவன் நானு, எனக்கு ஒரு வரி கெடையாதாங்குறான்.

சலீமா: அண்ணே, டீ ஆறிடுச்சா? வேற போடவா? லெட்டர மாமிகிட்டக் குடுத்துட்டு...

ராஜமாணிக்கம்: இரும்மா, இந்த எடத்த மட்டும் படிச்சிடுறேன். இத கேட்டுத்தான் பழனிவேலு அழுதான். "பத்துப் பேரும் பந்தோடு முன்னால் ஓடிவிடுகிறார்கள். பின்னால் ஒரு உயிர் இரண்டு கம்பத்துக்கு நடுவில் தனியாக நிற்கிறது. ஆட்டம் எங்கோ தூரத்தில் நடக்கிறது. பந்து எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். சலிப்பு வந்தாலும் இடத்தை விட்டு நகர முடியாது. வேறு யாரைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. சோறு எடுத்து வைத்தால் அந்த முகம்தான் தெரிகிறது."

ஆசியா உம்மாள்: இதக் கேட்டா அழுதான் பழனிவேலு?

ராஜமாணிக்கம்: மீசையோட அழுதான் உம்மா! "அண்ணே, எங்கப்பன்கூட என்னப் பத்தி இப்படி நெனச்சதில்லண்ணே"ன்னு. இப்ப பந்த விடவே மாட்டேங்குறான். புலி மாதிரி பாயுறான்.

ஆசியா உம்மாள்: சலீமா, கேக்குதா? பழனிவேலு அழுதானாம்.

சலீமா: கேக்குது மாமி...

ராஜமாணிக்கம்: அப்புறம் அந்த நீலம்! "வெள்ளிக்கிழமையில் கோல்கீப்பர் நீலம் உடுத்தினால் என் கண் குளிரும்." எங்க சட்ட செவப்புல்ல? பழனிவேலு சட்டைய மட்டும் நீலம் முக்கச் சொன்னேன். மூணு வெள்ளிக்கிழமையா அதத்தான் போட்டுக்கிட்டுத் திரியுறான்.

ஆசியா உம்மாள்: ஹ... ஹஹ... அடப் பாவி...

ராஜமாணிக்கம்: என்ன உம்மா சிரிக்கிறீங்க?

ஆசியா உம்மாள்: ஒண்ணுமில்லப்பா, பொரையேறிடுச்சி. நீ சொல்லு.

ராஜமாணிக்கம்: நான் வந்த காரியம் வேற. ஞாயித்துக்கெழம சிதம்பரத்துல ஷீல்டு ஃபைனலு. ஜெயிச்சா டீமு நிக்கும். அடுத்த வருஷமும் ஆடணும். அதுக்கெல்லாம் அபுல் யோசன வேணும். லெட்டரு இங்க வந்து, ஒங்க மூத்தவரு ரஃபியுதீன் அண்ணன் ஜும்மா தொழுகைக்கு அப்புறம் ஒங்களுக்கெல்லாம் படிச்சிக் காட்டி, அப்புறம் என் கைக்கு வர்றதுக்குள்ள ரெண்டு மேட்ச் முடிஞ்சி போவுது. அதனால, "இனிமே வீட்டுக்கு எழுதாதே, நேரா கிளப்புக்கே எழுது"ன்னு எழுதிட்டேன். இந்தா, கவர்கூட ஒட்டிட்டேன். பினாங்கு அட்ரஸ் மட்டும் சொல்லும்மா தங்கச்சி, இப்பயே தபால்ல சேத்துடுறேன்.

சலீமா: அட்ரஸா... மச்சான்கிட்டத்தான்ணே இருக்கு.

ராஜமாணிக்கம்: அவரு வடலூருக்குப் போயிருக்காராமே. ஒனக்குத் தெரியாதா?

சலீமா: இங்கிலீஷ்லல்ல இருக்கும்...

ஆசியா உம்மாள்: அன்னிக்கு ஏர் மெயில்ல நீதானே புள்ள எழுதுனே? கோணாம மாணாம அழகா இருக்குன்னு ரஃபியுதீன்கூட சொன்னானே.

சலீமா: மாமி...

ஆசியா உம்மாள்: கேக்குறாருல்ல, குடுத்துடு. அவுங்க டீமு நல்லா இருக்கட்டும்.

சலீமா: அது வந்துண்ணே... வேணாம்ணே.

ராஜமாணிக்கம்: ஏம்மா?

சலீமா: நேரா எழுதச் சொன்னா அவுங்க இவ்ளோ எழுத மாட்டாங்க.

ராஜமாணிக்கம்: ஏன்? நான் எழுதச் சொல்றனே!

சலீமா: ஒங்களுக்கு எழுதுனா ஒரு பக்கத்தோட முடிச்சிடுவாங்க.

ராஜமாணிக்கம்: அது எப்படி? கோல்கீப்பரு மேல உசுரையே வச்சிருக்கான்!

சலீமா: அண்ணே, ஒங்க காலுல வேணாலும் விழுறேன். அந்தக் கவரத் தபால்ல சேக்காதீங்க. லெட்டரு இந்த வீட்டுக்கு வரட்டும். வந்த அன்னிக்கே ஒங்களுக்கு அனுப்பிடுறேன். பந்து சமாச்சாரம் அத்தனையும் நானே எழுதி அனுப்புறேன். வராம மட்டும் பண்ணிடாதீங்கண்ணே.

ராஜமாணிக்கம்: என்னம்மா இது, அழுவுறியா? உம்மா, நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?

ஆசியா உம்மாள்: டேய், கூறுகெட்டவனே. எட்டு மேட்சுல ஏழு ஏன் தோத்தேன்னு இப்பத்தான் புரியுது. கண்ணு முன்னால பந்து கெடந்தாலும் ஒனக்குத் தெரியாது.

ராஜமாணிக்கம்: உம்மா!

ஆசியா உம்மாள்: பழனிவேலுக்கு இருமல் இல்ல. சரி. போன மாசம் இந்தத் தெருவுல யாருக்கு இருமல்? நாலு வீட்டுக்குக் கேட்டுச்சே... நீகூட வந்து, டாக்டர்கிட்ட காமிங்கன்னு சொல்லிட்டுப் போனியே?

ராஜமாணிக்கம்: தங்கச்சிக்குத்தான்...

ஆசியா உம்மாள்: பெருநாளைக்கு அவ எடுத்த சீல என்னா கலரு தெரியுமா?

ராஜமாணிக்கம்: எனக்கெப்படி உம்மா... அய்யய்யோ. நீலமா?

ஆசியா உம்மாள்: நீலம்.

ராஜமாணிக்கம்: அய்யய்யய்யோ... ரெண்டு வாட்டி சத்தமா படிச்சேனே! மில்லு கணக்கப்புள்ள, வாட்ச்மேன் எல்லாம் நின்னு கேட்டாங்களே! அம்மா தங்கச்சி, என்னய மன்னிச்சிடும்மா. நான் நாத்து பிடுங்கத்தான் லாயக்கு.

சலீமா: நீங்க என்னண்ணே பண்ணுவீங்க. ஆரம்பிச்சது நான்தான்.

ராஜமாணிக்கம்: நீயா?

சலீமா: அவுங்க போயி நாலு வருஷமாச்சு. வர்ற லெட்டர கூடத்துல எல்லாரையும் வச்சிக்கிட்டு மச்சான் படிப்பாங்க. பொஞ்சாதி பேர அதுல எப்படி எழுதுவாங்க? "உம்மாவுக்கு சலாம். வீட்டில் அனைவரும் நலமா?" அந்த அனைவருலதான் நான் இருந்தேன். ஆட்டத்தப் பத்தி மட்டும் கூச்சப்படாம பக்கம் பக்கமா எழுதுவாங்க. சரின்னு நானும் மச்சான்கிட்ட கேட்டுக் கேட்டு கோலு, பேக்கு எல்லாம் தெரிஞ்சிக்கிட்டேன். ஒரு மேட்ச் பாத்ததில்ல. இருமல் வந்தப்ப, மச்சான் எழுதுற லெட்டருக்கு அடியில ஒரு வரி சேத்தேன்... "கோல்கீப்பருக்கு மேலுக்கு முடியல, தனியா நிக்க முடியலன்னு சொல்றாங்க"ன்னு. புரியுமோ புரியாதோன்னு இருந்துச்சி.

ராஜமாணிக்கம்: புரிஞ்சிடுச்சி...

சலீமா: நாலு பக்கம் வந்துச்சி.

ராஜமாணிக்கம்: ...இந்தாங்க உம்மா, லெட்டரு. பத்திரமா குடுத்துடுங்க. இந்தா பாரும்மா தங்கச்சி, இந்தக் கவர கிழிச்சிட்டேன். கேட்டுச்சா? நாலா கிழிச்சிட்டேன்.

சலீமா: கேட்டுச்சிண்ணே.

ராஜமாணிக்கம்: பழனிவேலுகிட்ட நான் என்னான்னு சொல்றது?

ஆசியா உம்மாள்: ஒண்ணும் சொல்லாதே. ஃபைனலு முடியட்டும். புள்ள பாலக் குடிக்கட்டும்.

ராஜமாணிக்கம்: அதுவும் சரிதான். ஜெயிச்சிக்கிட்டு வர்றோம், எதுக்கு மாத்தணும்? நான் வர்றேன் உம்மா. எங்க டீமுக்காக துஆ செய்ங்க.

ஆசியா உம்மாள்: செய்றேன், போ. பாத்து, நெல தலையில தட்டும், குனிஞ்சி போ...

சலீமா: மாமி... போயிட்டாரா?

ஆசியா உம்மாள்: போயிட்டான். வெளிய வா. இந்தா ஒன் லெட்டரு. பசை ஒட்டியிருக்கு, ஈரத் துணியால மெல்லத் தொடச்சிடு.

சலீமா: ஒங்களுக்கு எப்பத்திலேர்ந்து மாமி தெரியும்?

ஆசியா உம்மாள்: இதப் படிச்சப்பவே. ரஃபியுதீன் ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறான், அவனுக்கு ஒரு எழவும் தெரியாது. நான் ஒன் மூஞ்சத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பந்தாட்டம் கேக்குற மூஞ்சியா அது?

சலீமா: தெரிஞ்சுமா அட்ரஸக் குடுன்னு சொன்னீங்க?

ஆசியா உம்மாள்: வாயத் தொறந்து கேக்குறியான்னு பாத்தேன். நாலு வருஷமா இந்த வீட்டுல ஒண்ணு கேட்டதில்ல நீ.

சலீமா: கோவமா மாமி?

ஆசியா உம்மாள்: என்னாத்துக்குக் கோவம்? நீ பட்டது எனக்குத் தெரியாதா? ஒன் மாமனாரு ரங்கூன்ல இருந்தப்ப எனக்கு லெட்டரே கெடையாது, பணம் வந்தா ஆளு இருக்காருன்னு அர்த்தம். படிச்சிக்க. நல்லா படிச்சிக்க.

சலீமா: மாமி, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?

ஆசியா உம்மாள்: ஒண்ணுமில்ல... ஒரு சமாச்சாரம். சிரிக்கக் கூடாது.

சலீமா: சொல்லுங்க மாமி.

ஆசியா உம்மாள்: அன்னியிலேர்ந்து நானும் காதத் தீட்டிக்கிட்டுத்தான் கேக்குறேன். இன்னிக்கு அவன் படிக்கையிலயும் கேட்டேன். ஹாஃப் பேக்குங்குறான், லெஃப்ட் அவுட்டுங்குறான், ஒவ்வொருத்தனா எண்ணிப் பாக்குறேன். எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது, பந்தும் தெரியாது. எனக்கு ஒரு சலாம்தான் கேக்குது, அதோட முடிஞ்சிடுது. ஒனக்குத்தான் அவன் பேச்சு புரியுதே...

சலீமா: மாமி...

ஆசியா உம்மாள்: பொய் சொல்லாம சொல்லும்மா. அந்தப் பதினோரு பேத்துல எம் புள்ள என்னய எங்க நிறுத்தியிருக்கான்?