ஒரு அளவு பெரிது

ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள், சார். ஆழத்துக்குப் போனால் சிவப்பும் சாம்பலாகத்தான் தெரியும் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? இருபத்திரண்டு வருடமாக முக்குளிப்புச் சாமான் கடையில் நிற்கிறேன். நான் சொல்வது காற்றடைக்கும் ஜாக்கெட்டை. முதுகில் சிலிண்டரைத் தாங்குவது அதுதான். ஒரு பித்தானை அழுத்திக் காற்றை ஏற்றினால் மிதப்பீர்கள், இன்னொன்றை அழுத்திக் காற்றை விட்டால் இறங்குவீர்கள். அதைப் போய் யாராவது கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்களா?

என் கடையில் அது நடக்காது. வியர்த்து வழிந்தாலும் சரி, கடலில் போடுகிற ரப்பர் உடையோடு வாருங்கள் என்பேன். அதன்மேல் ஜாக்கெட்டை மாட்டி, வார்களை இழுத்து, முழுக்கக் காற்றடைத்து, தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பேன். காதுவரை ஏறினால் அது எமன். நீர்மட்டத்துக்கு வந்ததும் ஜாக்கெட் மட்டும் மிதக்கும், ஆள் அதற்குள் தொங்குவார். பின்னால் உடம்பு போட்டால் உதவுமே என்று ஒரு அளவு பெரிதாகக் கேட்பவர்களை, போய்ச் சட்டை வாங்குங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதலாளிக்கு அதில் என்மேல் கோபம்தான்.

என் மாப்பிள்ளையும் வாடிக்கையாளராக வந்தவர்தான். அவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது அவன் என்று வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு அவனோடு சேர்ந்து முக்குளிக்கப் பழகினாள். அப்படிப் போன ஒருநாள் இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் மேலே வந்திருக்கிறார்கள். கடல் கொஞ்சம் குலுங்கியதால் படகு வர இருபது நிமிடம் ஆயிற்று. வந்தபோது அவனுக்கு மட்டும்தான் மூச்சு இருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஜாக்கெட் காது வரைக்கும் ஏறிடுச்சு மாமா. மூஞ்சி தண்ணிக்குள்ளயே போச்சு. நான் பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தேன் மாமா."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கட்டியவளை இருபது நிமிடம் தூக்கிப் பிடிக்கத் துப்பில்லாதவன் ஜாக்கெட்டைக் குறை சொல்கிறான். அடுத்த மூன்று மாதத்தில், பார்த்த ஆளிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்தப் பேச்சை நிறுத்தியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான் என்றே நினைக்கிறேன்.

அவள் போன இடத்தில் ஒருதடவை முக்குளித்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டேன். மறுபேச்சு இல்லாமல் வந்தான். அவனுக்கு ஜாக்கெட்டை நானே தேர்ந்தெடுத்தேன். ரப்பர் உடையோடு நிற்கவைத்து, காற்றடைத்து, தூக்கிப் பார்த்தேன். ஒரு விரல்கூட ஏறவில்லை.

"மூச்சு முட்டுதா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா, அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு."

ஜாக்கெட்டின் பின்பக்கப் பைகளில், ஆளை அடியில் இறக்குகிற ஈயத்தை எட்டு கிலோ கூடுதலாகப் போட்டதை மட்டும் சொல்லவில்லை.

இருபது மீட்டர் ஆழத்தில் அவன் பின்னால் போய், ஜாக்கெட்டுக்குக் காற்று வரும் குழாயைக் கழற்றிவிட்டேன். திரும்பிப் பார்த்தவன், கழன்றுவிட்டது என்று சைகை காட்டி, அதை என்னிடமே நீட்டினான். மாமா சரிசெய்வார் என்று நம்பியிருக்கிறான். வாயில் இருந்த மூச்சுக்குழாயைப் பிடுங்கினேன். ஈயக்கட்டியால் முகக்கண்ணாடியில் நான்கு முறை அடித்தேன். நான்காவது அடியில் கண்ணாடி மூக்கெலும்போடு உள்ளே போயிற்று. சிவப்புத் துணி சாம்பலாகத் தெரியும் அந்த ஆழத்தில் ரத்தம் மட்டும் பச்சையாகத் தெரியும். என் கழுத்தில் இருக்கும் கீறல் அப்போது விழுந்ததுதான். மணலில் அவனை மல்லாத்தி மார்பின்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவன் கட்டைவிரல் காற்றேற்றும் பித்தானை அழுத்திக்கொண்டே இருந்தது, அது நிற்கும்வரை நான் எழவில்லை.

செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் அந்த மஞ்சள் ஜாக்கெட் என் மகளுடையதுதான். அளவைப் பார்க்கக் கழுத்துப் பட்டையைத் திருப்ப வேண்டாம், சார். அது மீடியம். அவளுக்கு ஸ்மால் போதும். கல்யாணப் பரிசு, சொல்லாமல் கொடுத்து அசத்தலாம் என்று இருந்ததால் மாட்டிப் பார்க்கவில்லை. புதுப்பெண், நாளைக்கு ஒரு பிள்ளை பெற்றால் உடம்பு போடுவாள், அப்போதும் உதவட்டும் என்று நான்தான் எடுத்தேன். பெற்றவனுக்கு அந்த ஆசை இருக்காதா? அது வேறு விஷயம், இந்த வழக்கில் அதைச் சேர்க்காதீர்கள். அவன் இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்திருக்கலாம்.