கை தட்டாதீர்கள், களிமண் தூங்குகிறது

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் நூரித்தீன் அவர்களே, மண்பாண்டத்துக்குப் பேர்போன நம் நாபுல் நகரின் நரைத்த தாடிகளே, நரையை மறைத்து மருதாணி பூசிய தாடிகளே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு வந்திருக்கும் அன்னையரே, அனைவருக்கும் சலாம்!

முதலில் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு குடுவை செய்யும் மொன்ஜியாவின் பட்டறையில், களிக்குழம்புத் தொட்டியில் எலுமிச்சை ஊறுகாய்த் தண்ணீரைக் கொட்டியது பூனை அல்ல. அங்கே எடுபிடியாய் நின்ற நான்தான், தெரியாமல். சிரிக்காதே ஃபத்ஹி, ஊறுகாய் உன் வீட்டுடையது!

கொழுந்தனின் சூளையை உதறிவிட்டு அவள் தனியாக ஏற்ற முதல் வேலை: ஒரு கல்யாண வீட்டுக்கு நூறு குடுவைகள். அன்றே குழம்பை அச்சில் வார்க்காவிட்டால் மறுபடி கொழுந்தன் வாசல்தான். மழையில் பாதை அடைபட்டு வேறு மண்ணும் இல்லை. காலையில் பாலாய் ஓடிய களிக்குழம்பு, பகலில் தயிராய் உறைந்தது! நட்ட கோல் நின்றது. என் மூச்சும் நின்றது!

தண்ணீர் வாளியைத் தூக்கினேன். மொன்ஜியா பாய்ந்து வந்தாள்.

"லஸ்ஆத் அண்ணே! தண்ணி ஊத்துனீங்க, உங்களையே அச்சுல ஊத்திடுவேன்!"

"கெட்டியா இருந்தா வேற என்னம்மா ஊத்துறது?"

"தண்ணி கூடினா குடுவை காயுறப்ப வெடிச்சிடும்ண்ணே." குழம்பிலிருந்து எதையோ கிள்ளி எடுத்தாள். "இது என்ன, எலுமிச்சை விதை?"

"பூனை..."

"உங்க ஊர்ப் பூனை ஊறுகாய் திங்குமா?"

சலவைச் சோடாவை ஒரு குவளை வெந்நீரில் கரைத்தாள். "ஒவ்வொரு துகள்லயும் துளி மின்சாரம் இருக்குண்ணே. ஒரே மாதிரி மின்சாரம், அதனால ஒண்ணை ஒண்ணு தள்ளும். தள்ளுனாத்தான் ஓடும். புளிப்பு பட்டதும் கட்டிப்பிடிச்சுத் தூங்கிடுச்சு. எழுப்பணும்."

மண்ணில் மின்சாரமா? கம்பி எங்கே? விளக்கு எங்கே? கேட்க வாயெடுத்தேன். அவள் சொட்டுச் சொட்டாய் விட்டுக் கலக்கினாள். கண்டேன், அன்பர்களே, கண்டேன்! கனவு கலைவது போல் இறுக்கம் கலைந்தது. கல்லாய்க் கிடந்தது மெல்ல நெளிந்தது, நெளிந்தது நழுவியது, நழுவியது நதியானது! கோடிக் கோடித் துகள்கள், தொடாமல் மிதக்கும் மேகங்களாய், ஒன்றுக்கொன்று வழிவிட்டு நடந்தன. பொழுது சாய்வதற்குள் நூறு குடுவைகள் வார்த்தாகிவிட்டன. கொழுந்தன் வாசலை அவள் அதன்பின் மிதிக்கவில்லை!

இதோ, காலையிலிருந்து அசையாமல் வைத்த களிக்குழம்புக் கிண்ணம். தலைவரின் தலைக்கு மேல் கவிழ்க்கிறேன். விழுந்ததா? இல்லை! அசையாதவரை உறங்கும், அதிர்ந்தால் விழித்து ஓடும். ஆகவே யாரும் கை தட்டாதீர்கள்.

ஆனால், உறங்கிய மண்ணை எழுப்பிய மொன்ஜியாவுக்கு...

தட்டிவிட்டீர்கள். மரியாதைக்காக நானும் கிண்ணம் பிடித்த கையாலேயே தட்டினேன்.

தலைவரின் சட்டையில் இருப்பது நம் நாபுல் மண். நன்றி. சலாம்.